பவளப் பாறையும் கயிறு பிடிக்கும் கையும்

நம் தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. கிழக்கே புதுச்சேரிக் கடலைக் காண வேண்டுமானாலும் சாலை வழியே இருநூறு கிலோமீட்டர் கடந்தாக வேண்டும். நமக்கு நீர் என்றால் தோட்டத்துக் கிணறு, ஊர் ஏரி, ஒகேனக்கல் காவிரி, அவ்வளவுதான். அப்படியிருந்தும், விடுமுறையில் செல்ல விரும்பும் இடம் எது என்று மேல்நிலை வகுப்பு மாணவியரைக் கட்டுரை எழுதச் சொன்னால், கடலடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இப்போது சிலராவது இருக்கிறார்கள். அந்தமானிலும் இலட்சத்தீவிலும் எடுக்கப்பட்ட படங்கள் கைப்பேசி வழியே நம் ஊர்வரை வந்துவிட்டன. தனியாகப் பயணம் செய்து, தனியாகவே மூழ்கி, பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் கண்டு வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆழமில்லாத இடந்தானே, துணை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

இந்தக் கேள்வியை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

ஒரு பெண் தனியாக ரயிலேறி, கப்பலேறி, ஒரு தீவுக்குப் போய்த் தங்கி வரலாமா என்பது ஒரு கேள்வி. அது வீட்டாரும் அவளும் பேசி முடிவு செய்ய வேண்டியது. படித்து வேலைக்குப் போய், தன் சம்பாத்தியத்தில் பயணம் செய்யும் பெண்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். நம் பழைய மாணவியரிலும் இருக்கிறார்கள். "தனியே போகாதே" என்ற சொல்லைப் பெண் பிள்ளைகள் பிறந்தது முதல் கேட்டுக்கொண்டே இருப்பதால், கடலுக்கடியில் தனியே போகாதே என்று சொன்னால் அதுவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான் என்று தோன்றிவிடுகிறது. அப்படியன்று. இரண்டாவது கேள்வி நீருக்கடியில் ஒருவர் துணையின்றி இருக்கலாமா என்பது. இதற்கு விடை சொல்வது ஊர் வழக்கம் அல்ல, பௌதிகம். கடல் ஆண் பெண் பார்ப்பதில்லை.

ஸ்கூபா என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல். தன்னுள்ளேயே எல்லாம் அடங்கிய நீரடி மூச்சுக் கருவி என்பது அதன் பொருள். பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரியாயிருந்த ழாக் கூஸ்தோ, எமில் காஞான் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து 1943ஆம் ஆண்டில் இதன் இன்றைய வடிவத்திற்கு வழிகோலினார். முதுகில் அழுத்திய காற்று நிரம்பிய சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர். நாம் இழுக்கும்போது மட்டும், நம்மைச் சுற்றியுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்றைத் தருவதே ரெகுலேட்டரின் வேலை. அந்தச் சிலிண்டரை ஆக்சிஜன் சிலிண்டர் என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். பொழுதுபோக்காக மூழ்குவோர் சுமப்பது பெரும்பாலும் நாம் மூச்சு விடும் இதே சாதாரணக் காற்றுதான். தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே சென்றால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரக்கூடும்.

இனி, "ஆழமில்லாத இடந்தானே" என்ற வாதத்தைப் பார்ப்போம். பாயில் விதி நம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டது. வெப்பநிலை மாறாதிருக்கையில் அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும். ஊசியில்லாத மருந்து ஏற்றும் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை அழுத்திப் பாருங்கள். கையே பாடம் சொல்லும்.

நிலத்தில் காற்று மண்டலம் நம்மை அழுத்துவதை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடல் நீரில் பத்து மீட்டர் இறங்கினால் நீரின் பாரத்தால் இன்னொன்று சேர்ந்து இரண்டாகிறது. இருபது மீட்டரில் மூன்று, முப்பதில் நான்கு. மேலே பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவுக்கு ஊதிக் கட்டிய ஒரு பலூனைக் கீழே கொண்டு செல்வதாக எண்ணுங்கள். பத்து மீட்டரில் அது ஆறு லிட்டராகிவிடும். இருபதில் நான்கு. முப்பதில் மூன்று. நாற்பதில் இரண்டரைக்கும் சற்றுக் குறைவு. இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் பத்து மீட்டரில் ஆறு லிட்டர் சுருங்கிற்று. அடுத்த பத்தில் இரண்டு லிட்டர். அதற்கடுத்த பத்தில் ஒன்றே ஒன்று. அதாவது, மாற்றம் மிகப் பெரிதாக நிகழ்வது ஆழ்கடலில் அல்ல. மேலேயுள்ள அந்தப் பத்து மீட்டரில்தான். ஆழமில்லாத பவளப் பாறைகள் இருப்பதும் அதே பத்து மீட்டரில்தான்.

இப்போது பலூனைத் தலைகீழாக்குவோம். பத்து மீட்டர் ஆழத்தில் ஒருத்தி ரெகுலேட்டரிலிருந்து ஐந்து லிட்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, வாயை மூடியபடி மேலே வருகிறாள். மேற்பரப்பில் அந்தக் காற்றுக்குத் தேவைப்படும் இடம் பத்து லிட்டர். நுரையீரலில் அவ்வளவு இடம் இல்லை. மெல்லிய காற்றறைகள் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தக் குழாயில் புகுந்து, மூளைவரை சென்றுவிடலாம். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பும். இதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டியதில்லை. நெஞ்சு நிறைந்த காற்றை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே கேடு விளையலாம். அதனால்தான் ஸ்கூபா பயிற்சியில் சொல்லித்தரும் முதல் விதி: ஒருபோதும் மூச்சை அடக்காதே.

மூச்சை ஏன் ஒருவர் அடக்குகிறார்? முகக்கண்ணாடிக்குள் நீர் புகுகிறது. புரையேறுகிறது. காற்று தீர்ந்துவிட்டதோ என்ற திகில். அந்த நேரத்தில் மனிதக் குணம் வாயை இறுக மூடிக்கொண்டு மேல்நோக்கிப் பாய்வதுதான். முப்பது மீட்டர் ஆழத்தில் இருப்பவருக்கு மேற்பரப்பு எட்டாத தூரம் என்று தெரியும். ஆகவே நின்று யோசிப்பார். ஆறு மீட்டரில் இருப்பவருக்கோ வெளிச்சம் தலைக்கு மேலேயே தெரிகிறது, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. பாய்ந்துவிடுகிறார். ஆழக் குறைவு தரும் துணிச்சலே அங்கு ஆளை வீழ்த்துகிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து, தோளைப் பற்றி, கண்ணைப் பார்த்து, மூச்சு விடு என்று சைகை காட்டினால் பெரும்பாலும் அந்தத் திகில் அரை நிமிடத்தில் அடங்கிவிடும்.

மிதவைச் சட்டை என்ற ஒன்றையும் மூழ்குவோர் அணிவர். அதற்குள் காற்றை ஏற்றியும் இறக்கியும் நீரில் ஏறாமலும் இறங்காமலும் நிற்கலாம். இதிலும் பாயிலின் கைவரிசை உண்டு. சற்று மேலே எழும்பினால் சட்டையிலுள்ள காற்று விரிகிறது. விரிந்ததால் இன்னும் எழும்புகிறது. எழும்பியதால் இன்னும் விரிகிறது. ஆழத்தைவிட மேற்பரப்புக்கு அருகில்தான் இது மிக விரைவாக நடக்கும். கற்றுக்கொள்பவர்கள் ஆழமில்லாத இடத்தில் ஓரிடமாக நிற்க முடியாமல் தத்தளிப்பது இதனால்தான்.

மூழ்குநோய் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்து, விரைந்து மேலே வரும்போது சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழிடுவது அது. போல் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878இல் இதன் காரணத்தை விளக்கினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக ஏறிவர வேண்டும் என்ற அட்டவணைகளை 1908இல் வெளியிட்டார். பத்து மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் இந்நோய்க்கு அஞ்ச வேண்டிய தேவை மிகக் குறைவு. இதை மட்டும் படித்துவிட்டுத்தான் சிலர் ஆழமில்லாத இடம் அபாயமற்றது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

காற்றுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2400 லிட்டர். (நம் கடற்கரை மக்கள் நீரில் மூழ்கிய பாறைத் திட்டையும் பார் என்றே சொல்வர், முத்துப்பார் என்பதுபோல. இது அளவையின் பெயர்; அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஐம்பது பாரைக் கையிருப்பாக விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம், மீதி 1800 லிட்டர். நிமிடத்திற்கு இருபது லிட்டர் மூச்சு விடுபவருக்கு நிலத்தில் அது 90 நிமிடம் வரும். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் இரு மடங்கு காற்றைத் தின்பதால் 45 நிமிடம். இருபது மீட்டரில் 30. பயந்தவர் மூச்சு இரட்டிப்பாகும். அப்போது இந்தக் கணக்கையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டியதுதான். சிலிண்டர் தீர்ந்தவருக்குத் துணைவர் தம் இரண்டாவது ரெகுலேட்டரைத் தருவார். அதற்கு மூழ்குவோரிடையே வழங்கும் பெயர் ஆக்டோபஸ். சிலிண்டரிலிருந்து கிளைக்கும் குழாய்களைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். இது ஒவ்வொருவரும் தமக்காகச் சுமப்பதன்று, மற்றவருக்காகச் சுமப்பது.

இங்கே நம் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. கடலுக்குப் போகாத மாணவியருக்கும் இது பொருந்தும். கிணற்றிலோ ஏரியிலோ யார் அதிக நேரம் நீருக்கடியில் இருப்பது என்று போட்டி வைப்பது நம் பிள்ளைகளின் கோடை விளையாட்டு. முங்குவதற்குமுன் பத்துப் பதினைந்து முறை வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. இதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவு அன்று. உடலில் சேரும் கரியமில வாயுதான். வேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும். ஆக்சிஜன் சொல்லும்படி கூடாது. பின் நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும், தவிப்போ வராது. விளக்கை அணைத்தாற்போல் நினைவு போய்விடும். வலி, எச்சரிக்கை எதுவும் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி மடிகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இடுப்பளவு நீரிலும் இது நேரும்.

அதே கிணற்றில் நல்ல வழக்கம் ஒன்றும் இருக்கிறது. நீச்சல் பழகும் பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மாமாவோ சித்தப்பாவோ மேலே படிக்கட்டில் நின்று பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கயிறு கடலிலும் உண்டு. அதற்கு நெடிய வரலாறும் உண்டு.

தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாக் கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். 1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து, ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்களிடையே மறைப்பணி செய்த கரை இதுவே. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தை அறியாத கத்தோலிக்கர் நம் நாட்டில் குறைவு; 1982இல் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழாவிற்கு நம் பக்கத்திலிருந்தும் போய் வருகிறார்கள். அந்த ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் முதன்மையான தொழிலாக இருந்தது எந்தக் கருவியும் இல்லாமல் கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பது.

அவர்கள் மூழ்கிய முறையை மன்னார்க் கடலின் இரு கரைகளிலும் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு படகில் ஐந்து கற்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர் வீதம் பத்துக் குளியாளிகள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளியாளி இறங்குவார். கல் அடியில் தட்டியதும் காலை எடுத்துவிட, மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கழுத்திலோ இடுப்பிலோ உள்ள வலைப்பையில் சிப்பிகளை வாரிப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாகக் கழிந்ததும் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் விரைந்து இழுப்பார். நாள் முழுவதும் படகில் அமர்ந்து கயிற்றின் அசைவை மட்டுமே கவனித்துக்கொண்டிருப்பது இந்த ஆளின் பணி. தண்ணீரில் கால்கூட நனையாத அவருக்கும் பங்கு உண்டு. கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பதே வழக்கம் என்று அக்கரையில் சொல்வார்கள். தன் உடன்பிறந்தாள் தாலியைக் காப்பவன் கயிற்றைக் கைவிட மாட்டான் என்பது கருத்தாம்.

சுறாவின் வாயைக் கட்டுவதற்கென மந்திரம் சொல்லும் கடற்கட்டி என்பவரும் இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இவர்களுக்கு எடுத்த சிப்பியில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று குறித்துள்ளார். மந்திரத்தை நாம் நம்ப வேண்டுவதில்லை. ஆனால் கடற்கட்டி வந்து நின்றால்தான் குளியாளிகள் நீரில் இறங்குவார்கள் என்பதால் பிற்காலத்தில் ஆங்கில அரசே அவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. பதற்றம் இல்லாதவர் மூச்சு நீடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல அன்று யாரும் இல்லை. பட்டறிவால் அறிந்திருந்தார்கள் போலும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி தேறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் அதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார்கள். சங்கு குளிப்போர் இன்னும் இருக்கிறார்கள். படகில் காற்றழுத்தும் இயந்திரத்தை வைத்து, நீண்ட குழாய் வழியே சுவாசித்து மூழ்கும் முறை அவர்களிடையே பரவியிருக்கிறது. நேரக் கணக்கும் ஏறும் கணக்கும் கற்பிக்கப்படாமல் இப்படி மூழ்குவதால் மூட்டு வலி, கை கால் மரத்தல், சில வேளைகளில் வாதம் என மூழ்குநோய்க்கு ஆளாகிறார்கள். பிழைப்புக்காக இறங்கும் அவர்களோடு விடுமுறைக்காக இறங்குபவர்களை ஒப்பிட நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவர்களிடமும் குழாயைக் கவனிக்க மேலே ஒருவர் இருக்கிறார்.

பெண்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம் பகுதிகளின் கரையோரச் சிற்றூர்களில் கடற்பாசி எடுக்கும் தொழிலைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை முதலியவற்றைப் பறிக்கச் சேலைக்கு மேல் சட்டையணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். சிலிண்டர் இல்லை; சான்றிதழும் இல்லை. அவர்கள் இறங்குவது ஓராள் ஈராள் ஆழத்தில், பவளப் பாறைகளை ஒட்டி. நம் கட்டுரையின் பொருளான ஆழமில்லாக் கடலை அவர்களைவிட அறிந்தவர் இல்லை எனலாம். படகில் சேர்ந்து போகிறார்கள், சேர்ந்து வருகிறார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தமக்குள்ளேயே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுள் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி என்ற பெண்மணிக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு வழங்கப்பட்டது.

கொரியா நாட்டு ஜெஜு தீவிலும் ஹேன்யோ எனப்படும் குளியாளிப் பெண்கள் உண்டு. எழுபது எண்பது வயதிலும் கடலில் இறங்குபவர்கள். திறமைக்கேற்ப மூன்று படியாகப் பிரிந்து, மூத்தவர்கள் இளையவர்களைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு கூட்டமாகவே மூழ்குவர். 2016இல் யுனெஸ்கோ இவர்களது மரபைப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. அமெரிக்கக் கடலாய்வாளர் சில்வியா ஏர்ல் 1970இல் பெண்கள் மட்டுமே கொண்ட ஐவர் குழுவுக்குத் தலைமை ஏற்று, கடலடியில் அமைந்த கூடத்தில் இரண்டு வாரம் தங்கியவர். அவரே 1979இல் ஹவாய்த் தீவருகே 381 மீட்டர் ஆழத்தில் கவச உடையணிந்து கடல் தரையில் நடந்தார். தனியாக நடந்தார் என்று புத்தகங்கள் போற்றுகின்றன. ஆனால் அவரைச் சுமந்து சென்ற சிறு நீர்மூழ்கி அருகிலேயே நின்றது. பேசுவதற்கான கம்பி ஒன்று இருவரையும் இணைத்திருந்தது.

துணை இருந்தும் பேச முடியாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நீரில் ஒலி காற்றிலிருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால் எத்திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஆகவே சைகைதான் மொழி. கட்டைவிரலை உயர்த்தினால் "நன்று" என்று நாம் எண்ணுவோம். அங்கே அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். நலம் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பதும் விதி. சிலிண்டரின் திறப்பு முதுகுப்புறம் இருப்பதால் தானே பார்த்துக்கொள்வது கடினம். வலைகளும் ஓர் அபாயம். மீன்பிடி படகுகள் இழந்த வலைகள் பாறைகளில் சிக்கிக் கிடக்கின்றன. முதுகுச் சிலிண்டரில் வலை மாட்டிக்கொண்டால் தனியாளுக்குக் கை எட்டாது. இன்னொருவருக்கு அது கத்தியை எடுத்து அறுக்கும் ஒரு நிமிட வேலை.

தனியாக மூழ்குவதற்கென்றே பயிற்சி தரும் பன்னாட்டு அமைப்புகள் இல்லாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதில் சேர நூறு முறை மூழ்கிய பதிவு வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது காற்றுச் சிலிண்டரையும் தனி ரெகுலேட்டரையும் தானே சுமக்க வேண்டும். துணைவர் சுமப்பதை முதுகில் ஏற்றிக்கொள்வது என்பதே இதன் சாரம். நினைவு தப்பினால் அந்த இரண்டாவது சிலிண்டரால் பயனில்லை. முதல் விடுமுறைக்குப் போகிறவருக்கு இது பொருந்தாது.

இவ்வளவு தூரம் போய்க் காணப்போகும் பவளப் பாறையைப் பற்றியும் சில சொல்வோம். பவளம் கல் அன்று, செடியும் அன்று. நுங்குபோல் மென்மையான சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் தமக்குக் கூடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்வது அது. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. ஒளி வேண்டும் என்பதால்தான் பவளப் பாறை ஆழமில்லாத, தெளிந்த, வெதுவெதுப்பான நீரில் அமைகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். வெப்பம் தணியாவிட்டால் மடியும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இவ்வாறு பெருமளவில் வெளுத்தன. கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவு வளரும். உருண்டைப் பவளமோ ஒரு சென்டிமீட்டர்தான். துடுப்புக் காலணியின் ஒரே உதையில் ஒருவர் பத்தாண்டு வளர்ச்சியைத் தகர்த்துவிடலாம். மிதந்து நிற்கத் தெரியாதவர் பாறைக்கு மேலே போகக் கூடாது என்பது அவர் நன்மைக்காக மட்டுமன்று.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்து இப்பாறைகள் உள்ளன. இரண்டு தீவுகள் இப்போது நீரில் மூழ்கிவிட்டன. ஒரு காலத்தில் இக்கடலில் பவளத்தைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஆகவே வனத்துறை அனுமதியின்றி இத்தீவுகளில் இறங்க முடியாது. விடுமுறைக்கு மூழ்க விரும்புவோர் பெரும்பாலும் அந்தமானில் ஹேவ்லாக் என்று வழங்கிவந்த சுவராஜ் தீவுக்கும், அனுமதிச் சீட்டுப் பெற்று இலட்சத்தீவுக்கும் செல்கிறார்கள். புதுச்சேரியிலும் பயிற்சி நிலையங்கள் உள்ளன.

பயிற்சியில்லாதவரை ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து பன்னிரண்டு மீட்டருக்கு மேற்படாமல் அழைத்துச் சென்று காட்டும் முறை அங்கெல்லாம் உண்டு. தனியாகப் பயணம் செய்து வரும் பெண்ணுக்கும் இது தடையாகாது. துணையை நிலையமே தருகிறது. முழுப் பயிற்சி நான்கு நாள் அளவில் முடியும். அதன்பின் துணையோடு பதினெட்டு மீட்டர்வரை இறங்கலாம். காசநோய், ஆஸ்துமா, காதுச் சீழ் இருந்தவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் போகவே கூடாது. சளி பிடித்திருந்தால் அன்று இறங்கக் கூடாது. காதின் உள்ளறைக்குக் காற்றுப் போகாமல் செவிப்பறை கிழியும். கிணற்றில் மூன்று மீட்டர் முங்கும்போது காது வலிப்பதும் இதே காரணத்தால்தான்; மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் வலி விடும், பலமாக ஊதக் கூடாது.

சேருமுன் நிலையத்தார் பார்ப்பது இரண்டு: இருநூறு மீட்டர் நில்லாமல் நீந்துதல், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதத்தல். வேகம் பார்ப்பதில்லை. திரும்பும்போது விமானத்தில் வருபவர்கள் கடைசியாக மூழ்கியதற்கும் விமானத்திற்கும் இடையே ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது. ஒருமுறை மட்டும் மூழ்கியவர் பன்னிரண்டு மணி நேரம், பல நாள் மூழ்கியவர் பதினெட்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏற்காட்டு உச்சியில் இருப்பதைவிடவும் குறைவு. கப்பலில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.